பொத்தான் இல்லாத ஸ்வெட்டர்

போன வாரம் நம்முடைய பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தி, மங்கி குல்லாயும் மஃப்ளருமாக வாசலில் கோலம் போடுகிற படத்தை அனுப்பி, சிதம்பரத்தில் குளிர் தாங்கவில்லை என்று புலம்பியிருந்தாள். உடனே எல்லோரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினீர்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. நம் ஊர் மார்கழி என்றால் விடியற்காலையில் கொஞ்சம் பனி, மூக்கில் கொஞ்சம் நீர், அவ்வளவுதான். எட்டு மணிக்கெல்லாம் வெயில் வந்து முதுகில் சுள்ளென்று அடிக்கும். இந்த ஊரில் ஒரு மனிதர் வருஷம் முழுக்க ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார் என்றால் நம்புவீர்களா? அவர் என் அப்பா. நீங்களெல்லாம் எங்கள் வீட்டுக்கு விளையாட வருவீர்களே, அப்போது அவர் பின்கட்டில் இருப்பார், நடுக்கதவு சாத்தியிருக்கும். அதனால் உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

அப்பா ராணுவத்திலிருந்து உடம்பு சரியில்லாமல் திரும்பி வந்தவர். என்ன உடம்பு என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. பார்க்க நன்றாகத்தான் இருப்பார். நல்ல உயரம், அகலமான தோள். ஆனால் கையில் ஒன்றும் இல்லாவிட்டால் விரல்கள் நடுங்கும். தெருவில் யாராவது வெடி போட்டால் எழுந்து சுவரோரம் போய் நின்றுகொள்வார். பேச்சு ரொம்பக் குறைவு. இரண்டு ஊசியும் ஒரு நூல்கண்டும் கைக்கு வந்துவிட்டால் மட்டும் முகம் தெளிந்துவிடும். விரல் நடுங்காது. ஊசிகள் ஒன்றோடொன்று உரசுகிற அந்த டிக் டிக் சத்தம்தான் எங்கள் வீட்டுக் கடிகாரம். ஒரு ஊசி எங்கோ தொலைந்துபோய், அதற்குப் பதிலாக மூங்கில் குச்சியைச் சீவி வழவழவென்று தேய்த்து வைத்திருந்தார். அந்தக் குச்சியை எத்தனை முறை எடுத்து முகர்ந்திருக்கிறேன்! நாப்தலின் உருண்டையும் கம்பளியும் கலந்த ஒரு வாசனை. எனக்கு அதுதான் அப்பா வாசனை.

இந்த ஊரில் யாருக்கு ஸ்வெட்டர் வேண்டும்? தெருவில் குழந்தை பிறந்தால் ஒரு குல்லாய் போட்டுக் கொடுப்பார். மற்ற நாளெல்லாம் ஒரு மஃப்ளரைப் பின்னி முடிப்பார், பார்ப்பார், பிரித்துவிடுவார். பிரித்த நூல் இடியாப்பம் மாதிரி சுருண்டு சுருண்டு வரும். அதை நான் இரண்டு கையிலும் மாட்டிக்கொண்டு நிற்க, அவர் சுற்றிச் சுற்றிக் கண்டாக்குவார். தண்ணீரில் அலசி, சுருக்கம் நீங்கக் காயவைத்து, அதே நூலில் மறுபடி ஆரம்பிப்பார்.

வீட்டின் பெரிய ஆள் பெரியப்பா. மேலவீதியில் பாத்திரக்கடை. பெரியம்மா காலமாகிவிட்டார், பிள்ளை கிடையாது. அப்பா, அம்மா, நான், அப்பாவின் தங்கையான அத்தை என்று எங்கள் எல்லோருக்கும் சோறு போட்டது அந்தக் கடைதான். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் தம்பி ஊசியை எடுத்தாலே அவருக்கு முகம் கறுத்துவிடும். "பொம்பளைங்க போடறத எடுத்துவச்சிக்கிட்டு குந்திக்கினு இருக்கான் பாரு. சீக்கு இன்னும் போவல" என்று அம்மாவிடம் சொல்வார். ஊசியும் நூலும்தான் நோயின் மிச்சம் என்று அவர் நினைத்தார். மருந்தே அதுதான் என்பது இந்த வயதில் எனக்குப் புரிகிறது. அன்றைக்கு யார் சொல்லி யாருக்குப் புரிந்திருக்கும்?

அத்தைக்கு வரன் தகைவது பெரும்பாடாக இருந்தது. அவளுக்கு என்ன குறை? நல்ல களையான முகம், எஸ்.எஸ்.எல்.சி. தேறியவள், பாட்டு வரும். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் தெருமுனைவரை வருவார்கள். அங்கே யாராவது, "அந்த வீட்டு சின்னவரு மண்டை ஆஸ்பத்திரில இருந்தவராச்சே" என்று காதில் போடுவார்கள். வந்த வண்டி அப்படியே திரும்பிவிடும். அத்தை வாசலில் போட்ட பெரிய கோலம் யார் காலும் படாமல் சாயங்காலம்வரை கிடக்கும்.

நாம் பள்ளிக்கூடத்தில் இருந்த ஒரு வருஷம், ஐப்பசியில் டில்லியிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை அங்கே அரசாங்க உத்தியோகம். பூர்வீகம் கடலூர். அவருடைய அம்மா டில்லிக்குப் போய் ரொம்ப வருஷம் ஆனதால் நம் தெருப் பேச்சு எதுவும் அவர்கள் காதுக்குப் போயிருக்காது என்று பெரியப்பா நம்பினார். மார்கழியில் கடலூர் மஞ்சக்குப்பத்துச் சொந்தக்காரர் வீட்டுக்கு வருகிறார்கள், அப்படியே சிதம்பரம் வந்து ஆருத்ரா தரிசனமும் பார்த்துவிட்டு மறுநாள் பெண்ணையும் பார்ப்பதாக ஏற்பாடு. மாப்பிள்ளையின் போட்டோ ஒன்று தபாலில் வந்தது. அத்தை அதை எல்லோர் முன்னாலும் அலட்சியமாகப் பார்த்தாள். அப்புறம் அம்மாவிடம் மட்டும், "அண்ணி, இந்த எடம் அமைஞ்சா நல்லாருக்கும்" என்று சொன்னாள். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை அதற்கு முன் வந்ததேயில்லை. பெரியப்பாவோ, "இதுவும் தட்டிப்போச்சுன்னா இனிமே நான் ஒருத்தன் வாசல்லயும் போயி நிக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டார்.

அத்தை விளையாட்டாக அப்பாவிடம், "டில்லி குளிரு எலும்ப நடுக்குமாம். எனக்கு ஒண்ணு போட்டுக் குடுண்ணா" என்றாள். அப்பா அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. பாண்டிச்சேரிக்குப் பஸ் ஏறிப் போய்ப் புது நூல் வாங்கிவந்தார். மெரூன், சாம்பல், சந்தன நிறம் என்று மூன்று நிறம். டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து ஒரு பழைய வெளிநாட்டுப் பத்திரிகைத் தாளை எடுத்தார். அதில் ஒரு வெள்ளைக்காரி கோடு போட்ட ஸ்வெட்டர் ஒன்றைப் போட்டுக்கொண்டு நின்றாள். அதற்குப் பொத்தானே இல்லை. முன்பக்கம் இரண்டு பக்கமும் புடவை மேலாக்கு மாதிரி மடிப்பு மடிப்பாகத் தொங்கியது.

அதுவரை பின்னிப் பிரித்துக்கொண்டிருந்தவர் அந்த இரண்டு மாதமும் பிரிக்கவேயில்லை. மெரூன் பட்டையும் சாம்பல் பட்டையும் மாறி மாறி வரும், நடுவில் சந்தனக் கோடு. நூல் மாறுகிற இடத்தில் முனையை உள்பக்கமாக இழுத்து மறைத்துவிடுவார். தேடினாலும் அகப்படாது. முன்பக்கத் துண்டு வளர வளர அகலமாகிக்கொண்டே போனது. எனக்குப் பயமாகிவிட்டது.

"அளவு தப்பிப்போச்சாப்பா?"

"இல்ல. ஓரத்துல அப்பப்ப ஒரு கண்ணி கூட்டிக்கிட்டே போனா கீழ வர வர ஜாஸ்தியாவும். ஜாஸ்தியானது நிக்க எடம் இல்லாம மடிஞ்சி வுழும். அவ்ளோதான்."

அப்பா ஒரே மூச்சில் அவ்வளவு பேசி அதற்கு முன் நான் கேட்டதில்லை. வீட்டில் மற்றவர்களுக்கு அந்த ஸ்வெட்டரைப் பற்றி ஒரே கேள்விதான். அம்மா, "பொத்தான் எங்கங்க?" என்பாள். பால்காரர்கூட எட்டிப் பார்த்து, "பொத்தான் தைக்கலியா சார்?" என்றார். பெரியப்பா, "இவ்ளோ நூலு வாங்கினவனுக்கு நாலு பொத்தான் வாங்கத் தோணல பாரு" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

பெண் பார்க்கும் நாளில் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெண்ணின் கைவேலை என்று சிலதைத் தாம்பாளத்தில் பரப்பிவைப்போமே! நம் தெருவில் ஒரு மணிக்கிளி இருந்தது, ஞாபகமிருக்கிறதா? பச்சை மணியில் கோர்த்த கிளி, சிவப்பு மூக்கு, கண்ணாடிக்கூண்டு. யார் செய்ததோ தெரியாது. எந்த வீட்டில் பெண் பார்க்க வந்தாலும் அந்தக் கிளி அந்த வீட்டுக்குப் பறந்துபோய், "பொண்ணே போட்டது" என்று உட்கார்ந்துகொள்ளும். எங்கள் வீட்டுக்கும் வந்தது. பெரியப்பா கிளியைப் பார்த்தார், பின்கட்டில் மடித்துவைத்திருந்த ஸ்வெட்டரைப் பார்த்தார். டில்லிக்காரர்களுக்குக் கிளியைவிட இது பொருத்தம் என்று அவருக்குப் பட்டுவிட்டது.

அப்பாவை என்ன செய்வது? அதற்கும் வழி வைத்திருந்தார். "தரிசனத்துக்குக் கூட்டம், மேளம், சத்தம் எல்லாம் ஜாஸ்தியா இருக்கும். உனக்கு ஆவாது. நாலு நாளு கடலூர்ல மச்சான் வீட்ல இருந்துட்டு வாடா" என்றார். அப்பா அண்ணன் முகத்தைப் பார்த்தார், அம்மா முகத்தைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று எனக்கே புரிந்தது. பையை எடுத்துக்கொண்டார். ஸ்வெட்டரில் ஒரு கை மட்டும்தான் பாக்கி. அந்தக் கையை ஊசியோடும் நூலோடும் சேர்த்துப் பையில் போட்டுக்கொண்டு, கடலூர் முதுநகரில் இருந்த என் தாய்மாமன் வீட்டுக்குப் பஸ் ஏறினார். அம்மா அன்று முழுக்கப் பெரியப்பாவுக்குச் சோறு போட்டாளே தவிர ஒரு வார்த்தை பேசவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா நான் நினைத்த மாதிரி இல்லை. பருத்த உடம்பு, பெரிய குங்குமப் பொட்டு, கணீரென்ற குரல். பெரியப்பா கழுத்தில் மஃப்ளரோடு வாசலில் நிற்க, அந்த அம்மாள் புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டே உள்ளே வந்தார். "இன்னாங்க இது, மார்கழில இப்பிடிப் புழுங்குது?" என்றார். இட்லியும் கொத்சும் கேட்டு வாங்கி மூன்றாம் முறையும் போட்டுக்கொண்டார். எனக்கு அப்போதே பிடித்துவிட்டது.

அத்தை வந்து நமஸ்காரம் செய்தாள். மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். பெரியப்பா தாம்பாளத்தைக் கொண்டுவந்து வைத்தார். அந்த அம்மாள் கிளியைப் பார்த்துவிட்டு, "இந்தக் கிளிய என் தங்கச்சி மவனுக்குப் பொண்ணு பாக்க வந்தப்ப பக்கத்து வீட்ல பாத்தனே" என்றார். பெரியப்பாவுக்கு வேர்த்துவிட்டது. பேச்சை மாற்ற ஸ்வெட்டரை எடுத்து நீட்டினார். ஒரு கை இல்லாதது தெரியாமல் இருக்க அவரே அதை மடித்துவைத்திருந்தார்.

அந்த அம்மாள் அதைக் கையில் வாங்கினார். மடியில் விரித்தார். உள்பக்கம் திருப்பி விரலால் தடவித் தடவிப் பார்த்தார். முன்பக்கத்தைத் தூக்கிப் பிடித்தார். அது மடிப்பு மடிப்பாக இறங்கி விழுந்தது.

"டில்லில பனிக்காலம் பூரா மாடில குந்தி இதத்தான் போடுவோம். எனக்கு இத்தினி வருஷத்துல இப்பிடி ஒரு கார்டிகன் வரல. யாரு போட்டது?"

"பொண்ணுதாங்க. பூரா அதுதான்" என்றார் பெரியப்பா.

"இன்னொரு கை எங்க?"

"போட்டுக்கிட்டே இருக்குதுங்க."

அந்த அம்மாளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அப்பிடியா! ஊசிய எடுத்துக்கிட்டு வாம்மா. ரெண்டு வரி போடு, பாப்போம்."

ஊசி எங்கே இருக்கிறது? பெரியப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தாள். அத்தை மட்டும் யாரையும் பார்க்கவில்லை. அவள் கை புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தது. ஊசி உடைந்துபோயிற்று என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அந்த அம்மாள் நம்பியிருப்பார். அவள் ஆசைப்பட்ட ஒரே இடம் அது.

"இன்னொரு கை கடலூர்ல இருக்குதுங்க" என்றாள் அத்தை. "எங்க சின்னண்ணங்கிட்ட. அவுருதான் போட்டாரு. எனக்கு ஒரு வரிகூடத் தெரியாதுங்க."

பெரியப்பா சிரித்தார். "வெளையாட்டுக்குச் சொல்லுது. அது எப்பவும் அப்பிடித்தான்."

"கிளியும் நான் போடலிங்க" என்றாள் அத்தை.

மாப்பிள்ளை குனிந்த தலை நிமிராமல் தோள் குலுங்கச் சிரித்துவிட்டார். அவர் அம்மா சிரிக்கவில்லை. "ஏன், அண்ணன் இங்க இல்லியா?" என்று கேட்டார். கடலூரில் ஒரு வேலை என்று பெரியப்பா மென்று முழுங்கினார். "நாங்களும் கடலூருக்குத்தான போறோம். முதுநகரு வழிதான். ஒரு எட்டுப் பாத்துட்டுப் போறோம்" என்று அந்த அம்மாள் எழுந்துவிட்டார். ஸ்வெட்டரைத் திருப்பித் தரவில்லை.

பெரியப்பா வேறு வழியில்லாமல் அவர்கள் வந்த காரில் ஏறினார். அம்மா சட்டென்று என் கையைப் பிடித்து இழுத்துவந்து, "மாமா, எங்க அண்ணன் வூட்டுக்கு நீங்க ஒருநாளும் போனதில்ல. இவளுக்கு வழி தெரியும்" என்று பெரியப்பாவிடம் சொல்லி என்னைப் பின்சீட்டில் திணித்தாள். வழி ஒரு சாக்கு. அங்கே அப்பா பக்கத்தில் நம் ஆள் ஒருத்தராவது இருக்கட்டும் என்று நினைத்திருக்கிறாள். அம்மாவை நினைத்தால் எனக்கு இந்த ஒரு காரியம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது.

அம்பாசடர் கார் வெள்ளாற்றுப் பாலம் தாண்டி, புதுச்சத்திரம் தாண்டிப் போனது. இப்போது சிப்காட் கம்பெனிகள் மூக்கைத் துளைக்கிற இடமெல்லாம் அப்போது சவுக்கும் முந்திரியும்தான். காற்றில் கருவாட்டு வாசனை. மாப்பிள்ளை முன்சீட்டில் டிரைவரோடு பேசிக்கொண்டு வந்தார். பெரியப்பா இரண்டு தரம், "அவனுக்குக் கொஞ்சம் உடம்பு..." என்று ஆரம்பித்தார். "பாக்கத்தான போறோம்" என்றார் அந்த அம்மாள்.

மாமா வீட்டுக் கொல்லைப்புறம் உப்பனாற்றங்கரை. அங்கே புன்னை மரத்தடியில் ஒரு ஸ்டூலைப் போட்டு அப்பா உட்கார்ந்திருந்தார். மடியில் பாதிக் கை. எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். ஊசியை எங்கே மறைப்பது என்று அவர் இப்படியும் அப்படியும் பார்த்ததை நான் மறக்கவேமாட்டேன். சொந்த வீட்டார் பழக்கிய பழக்கம் அது.

"மறைக்காதீங்க தம்பி. உங்க தங்கச்சி எல்லாம் சொல்லிருச்சி" என்றார் அந்த அம்மாள். மரத்தடியில் கிடந்த ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து, ஸ்வெட்டரை மடியில் விரித்து, முன்பக்கம் எப்படி இப்படி விழுகிறது என்று கேட்டார். அப்பா எனக்குச் சொன்னதையே அவருக்கும் சொன்னார். அந்த அம்மாள் வாய்க்குள்ளேயே கணக்குப் போட்டுப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார்.

"எங்க கத்துக்கிட்டீங்க?"

"மிலிட்டரில..." என்று பெரியப்பா முந்தினார்.

"ஆஸ்பத்திரிலங்க" என்றார் அப்பா. "மிலிட்டரி ஆஸ்பத்திரி. தூக்கம் வராது, கை நடுங்கும். பேச்சே நின்னுபோச்சு. அங்க ஒரு நர்ஸம்மா ஊசிய குடுத்துப் போடச் சொன்னாங்க."

பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டார். தெருமுனையில் யார் யாரோ ரகசியமாகச் சொன்னதை அவர் தம்பியே கணீரென்று சொல்லிவிட்டார். அத்தையின் போட்டோக்கார மாப்பிள்ளை அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

"இப்ப எப்பிடி இருக்குது?" என்று அந்த அம்மாள் கேட்டார். எங்கள் வீட்டில் யாரும் அப்பாவை அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

அப்பா கொஞ்சம் யோசித்தார். "இப்ப தூங்கறேங்க. வெடிச் சத்தம்தான் ஆவாது."

அந்த அம்மாள் மகனைப் பார்த்தார். அவர் ஒரு தரம் தலையசைத்தார். "டில்லில தீவாளிக்கு வெடி ஜாஸ்தி. அப்ப மட்டும் வராதீங்க" என்றார் அந்த அம்மாள். "தையில முகூர்த்தம் வச்சிக்கலாம். கல்யாணம் முடிஞ்சி பொண்ண டில்லிக்குக் கொண்டாந்து விட நீங்கதான் வரணும். வந்து ஒரு மாசம் இருந்து எனக்கு இதக் கத்துக்குடுத்துட்டுப் போங்க."

ஊருக்குத் திரும்பிவந்த நாளிலிருந்து அப்பாவை யாரும் எந்தக் காரியத்துக்கும் கூப்பிட்டதில்லை. கல்யாண வீடுகளில்கூடப் பின்வரிசையில் உட்காரவைத்துச் சாப்பாடு முடிந்ததும் அழைத்துவந்துவிடுவார்கள். கடைசியில் அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"அங்க குளிரு ஜாஸ்தி இருக்குமே. எங்கிட்ட ஸ்வெட்டர் இல்லிங்க."

உண்மைதான். தெருவில் பிறந்த குழந்தைக்கெல்லாம் போட்டவருக்குத் தனக்கென்று ஒன்று போட்டுக்கொள்ளத் தோன்றவேயில்லை. அந்த அம்மாள் கலகலவென்று சிரித்தார். சிரித்துவிட்டு எழுந்துபோய், "திரும்புங்க" என்றார். அப்பா திரும்பினார். அந்த அம்மாள் இந்தத் தோளிலிருந்து அந்தத் தோள்வரை சாண் போட்டு அளந்தார். கழுத்திலிருந்து இடுப்புவரை போட்டார். கையை நீட்டச் சொல்லி மணிக்கட்டுவரை போட்டார். அப்பா பட்டாளத்தில் நிற்கிற மாதிரி விறைப்பாக நின்றார். கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் வந்துகொண்டேயிருந்தது. பெரியப்பா கழுத்து மஃப்ளரை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, எல்லோருக்கும் டீ வாங்கிவருவதாகச் சொல்லித் தெருப்பக்கம் போய்விட்டார். பாவம், அவரும்தான் எத்தனை வருஷம் பயந்துகொண்டே இருந்தார்.

சாயங்காலம் நாங்கள் மூன்று பேரும் பஸ்ஸில் சிதம்பரம் வந்தோம். அண்ணனும் தம்பியும் ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்தார்கள். பஸ் நின்றதும் நான் அவர்களை விட்டுவிட்டு ஒரே ஓட்டமாக வீட்டுக்கு ஓடினேன்.

அத்தை பட்டுப்புடவையைக்கூட மாற்றாமல் நடுக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து, "என்னா சொன்னாங்க? சரின்னாங்களா?" என்று என்னைப் பிடித்து உலுக்கினாள். எனக்கு மூச்சு வாங்கியது. அத்தை அம்மாவைத் தடுத்துவிட்டு என் முன்னால் குனிந்தாள். அவளுக்குத் தெரியவேண்டியது வேறாக இருந்தது.

"அண்ணன என்னடி சொன்னாங்க?" என்று கேட்டாள்.

"அளவெடுத்துக்கிட்டாங்க அத்தை" என்றேன்.